பணம் வருவதற்கு முன் இறுதிக் கோப்பைக் கொடுக்கலாமா?

வேலை முடிந்த பிறகு வாடிக்கையாளர், "கோப்பை அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பணம் போடுகிறேன்" என்று சொன்னால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள் என்பதே என் பதில்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லோகோ ஒன்றைச் செய்து முடித்தபோது, அச்சில் நிறம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும் என அந்த நிறுவனத்தார் கேட்டதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் தரம் குறையாத வெக்டர் கோப்பையே கொடுத்துவிட்டேன். சில வாரங்களில் அது அவர்களுடைய பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. மீதித் தொகை இன்றுவரை வரவில்லை.

இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, பாதித் தொகை முன்பணம் என்றும், மீதி என் கணக்கில் சேர்ந்த பின்பே இறுதிக் கோப்பு என்றும், அதுவரை பதிப்புரிமை என்னிடமே இருக்கும் என்றும் மின்னஞ்சலில் எழுதி, அவர்களுடைய சம்மதத்தையும் எழுத்திலேயே வாங்கிவிடுகிறேன். தொடக்கத்தில் சொன்னால் நிபந்தனையாக ஏற்றுக்கொள்ளப்படும் அதே சொல், கடைசியில் சொன்னால் அவநம்பிக்கையாகப் படுகிறது.

பணம் வருமுன் பார்வைக்காகக் கொடுக்கும் மாதிரியை அனுப்புவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிடிஎஃப் ஆக்கிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. வெக்டர் கோடுகள் அதற்குள் அப்படியே இருக்கக்கூடும் என்பதால், இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறந்து பிரித்து எடுத்துவிடலாம். ஆகவே 800 பிக்சல் அகலமுள்ள ஜேபெக் படமாகவே அனுப்புங்கள். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் அச்சிட்டால் அது 7 சென்டிமீட்டர்கூட வராது. வாட்டர்மார்க்கை (படத்தின் மேல் மங்கலாகத் தெரியும் உங்கள் பெயரை) மூலையில் வைத்தால் வெட்டி எறிந்துவிடுவார்கள், எழுத்துகளின் குறுக்கே ஓட விடுங்கள். காணொளி என்றால் குறைந்த தரத்தில், ஓடும் நேரத்தைக் காட்டும் நேரக்குறியீடு படத்தின் மேலேயே தெரியும்படி கொடுக்கலாம். இணையதளம் என்றால் உங்கள் சர்வரிலேயே காட்டலாம்.

பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் கணக்கைப் பாருங்கள். பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவையில் பணம் செலுத்தியவர் 180 நாட்கள் வரை புகார் எழுப்ப முடியும் என்பதால், மாதிரியை அவர் ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

வாடிக்கையாளருக்கும் பணம் கொடுத்து ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும், அது நியாயமானதுதான். அப்படிக் கேட்பவரிடம் காணொளி அழைப்பில் என் திரையைப் பகிர்ந்து, மூலக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு லேயராக (அடுக்காக)ப் பெரிதாக்கிக் காட்டிவிடுகிறேன். பார்த்த அன்றே பணம் அனுப்பியவர்கள் பலர்.