பிளேஞ்ச் எங்கே, வெல்டிங் எங்கே?

கேள்வி: சாயப்பட்டறைக்குப் புது ஸ்டென்டர் (துணியை விரித்துக் காயவைக்கும் மெஷின்) வருகிறது. 10 கிலோ அழுத்த ஸ்டீம் லைன் ஒன்றும், சூட்டைக் கொண்டுசெல்லும் 260 டிகிரி தெர்மிக் ஆயில் லைன் ஒன்றும் இழுக்க வேண்டும். பைப்புக்குப் பைப் பிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டு) போட்டால் பின்னால் கழற்றச் சுலபம் என்கிறார் ஃபிட்டர். முழுக்க வெல்டிங்கே செய்துவிடலாமா?
– பராமரிப்பு மேற்பார்வையாளர், பெருந்துறை

பதில்: கழற்ற வேண்டிய இடத்தில் மட்டும் பிளேஞ்ச் போடுங்கள். வால்வு, ஸ்ட்ரெய்னர், பம்ப், மெஷினின் வாய் ஆகியவையே அந்த இடங்கள். நேராக ஓடும் 40 மீட்டர் பைப்பை யாரும் கழற்றப் போவதில்லை. பிளேஞ்ச் போட்டால் வெல்டிங் மிச்சமாகும் என்ற கணக்கும் தப்பு. பைப் மேல் செருகி வெல்டு செய்யும் ஸ்லிப்-ஆன் பிளேஞ்ச் ஜோடிக்கு உள்ளும் வெளியுமாக நான்கு சுற்று வெல்டு வேண்டும். பைப்போடு பைப்பைச் சேர்த்தால் ஒரே மூட்டுதான். 37.5 டிகிரி சாய்வு வெட்டி, சுமார் 3 மி.மீ. இடைவெளி விட்டு, அடி ஓட்டத்தை (முதல் சுற்று வெல்டை) டிக் (டங்ஸ்டன் முனை) வெல்டிங்கில் போடச் சொல்லுங்கள்.

ஆயில் லைனில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. பிளேஞ்சிலிருந்து சொட்டும் சூடான ஆயில் லேகிங் நாரில் (சூடு போகாமல் பைப்பைச் சுற்றும் உறையில்) ஊறிப் பரவும். அங்கே காற்றோடு மெல்ல வினைபுரிந்து தானே சூடேறும். ஒருநாள் லேகிங்கின் மேல்தகட்டைப் பிரித்ததும் புதுக் காற்று பட்டுத் தீப்பிடிக்கும். அந்த ஆயில் தானாகப் பற்றும் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே இது நடந்துவிடும். அதனால் பிளேஞ்சுகளுக்கு லேகிங் சுற்றாதீர்கள். சொட்டு கண்ணில் படும்படி தகட்டுக் கவசம் மட்டும் போதும். வால்வின் தண்டு பக்கவாட்டில் இருக்கட்டும். கிளாஸ் 300 அழுத்தத் தர பிளேஞ்ச், இடையில் வைக்க கிராஃபைட் நிரப்பிய ஸ்பைரல் வுண்ட் (உலோகச் சுருள்) கேஸ்கெட், பி7 தர ஸ்டட், 2எச் தர நட்டு: இதில் சிக்கனம் வேண்டாம். திருகு மூட்டு இந்த லைனில் கூடவே கூடாது.

ஸ்டீம் லைன் 3.5 கிலோவைத் தாண்டுவதால் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறைகள்) விதிக்குள் வருகிறது. பைப்புக்கும் வெல்டருக்கும் அதற்கான சான்றிதழ் இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் மீட்டருக்குச் சுமார் 1.8 மி.மீ. நீளும், 40 மீட்டருக்கு 7 செ.மீ.க்கு மேல். நீள்வதற்கு லூப் (பைப்பில் ஒரு வளைவு) விடாவிட்டால் அந்த விசை முழுவதும் பிளேஞ்ச் மேல்தான் இறங்கும்.

கேள்வி: கேஸ்கெட் புதிது, நன்றாகத்தான் முடுக்கினோம். ஆனாலும் 4 அங்குல பிளேஞ்ச் ஒரு பக்கம் கசிகிறது.
– ஃபிட்டர், ஈரோடு

பதில்: பக்கத்துப் பக்கத்து நட்டாக முடுக்கியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் கேஸ்கெட் ஒருபுறம் நசுங்கி, எதிர்ப்புறம் தூக்கிக்கொள்ளும். 8 ஸ்டட்டுக்கும் வட்டமாக எண் போட்டு, 1-5-3-7, பிறகு 2-6-4-8 என்று எதிரெதிராகப் போங்கள். முதல் சுற்றில் தேவையான டார்க்கில் (முறுக்கு விசையில்) 30 சதவீதம், அடுத்து 60, பிறகு 100. கடைசியாக வட்டமாக ஒரு சுற்று. நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு வட்டம், ஏனென்றால் கேஸ்கெட் அதற்குள் சற்று அமர்ந்திருக்கும். மரைக்கும் நட்டின் அடிப்பரப்புக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவாவிட்டால் டார்க்கின் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும், ரென்ச் மட்டும் சரியான எண்ணைக் காட்டும்.

புதுக் கேஸ்கெட் வைப்பதற்கு முன் பிளேஞ்ச் முகங்களை அளந்து பாருங்கள். 200 மி.மீ.க்கு 1 மி.மீ.க்கு மேல் சாய்வோ, துளைகளில் 3 மி.மீ.க்கு மேல் விலகலோ இருந்தால் பைப்பை வெட்டிச் சரிசெய்யுங்கள். செயின் பிளாக்கால் இழுத்துப் போல்ட் போட்டால் அந்த இழுவை நிரந்தரமாக அங்கேயே இருக்கும்.

கேள்வி: ஆயில் லைனில் ஊசிமுனைக் கசிவு. ஓட விட்டே வெல்டு வைக்கலாமா?
– ஆபரேட்டர், திருப்பூர்

பதில்: கூடவே கூடாது. ஆறவிட்டு, ஆயிலை வடித்து, நைட்ரஜனால் ஊதி, அந்தத் துண்டை வெட்டி மாற்றுங்கள். வடித்த பைப்பிலும் ஆவி நிற்கும். ஆயில் ஊறிய லேகிங்கை முதலில் தூர எடுத்துப் போடுங்கள். வெல்டிங் முடிந்து ஒரு மணி நேரமாவது தீயணைப்பானோடு ஒருவர் நிற்கட்டும். சோதனைக்குத் தண்ணீர் ஏற்றாதீர்கள்: உள்ளே தங்கும் கொஞ்சம் நீரே சூட்டில் சட்டென்று ஆவியாகி, சூட்டில் பெருகும் ஆயிலுக்கான விரிவுத் தொட்டி வழியாக ஆயிலைப் பீய்ச்சி அடிக்கும்.