பெற்றோல் மெசினை விட்டுப் பற்றரிக்கு மாறலாமா?

வீடு கட்டும் வேலையில் பெற்றோல் மெசின்களை விட்டு கரன்ற், பற்றரி மெசின்களுக்கு மாறுவது யாழ்ப்பாணத்தில் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கொக்குவில் பக்கம் சிறிய அளவில் வீட்டு வேலை எடுத்துச் செய்பவன். நாலு மேசன், ஐந்து முட்டாள். (வெளியூர்க்காரர் சிரிக்க வேண்டாம். மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவரை இங்கே அப்படித்தான் சொல்வோம்.) பாதிக்கு மேல் மாறிவிட்டேன். மிச்சத்தை இப்போதைக்கு மாற்ற மாட்டேன்.

என்னை மாற்றியது 2022 எரிபொருள் தட்டுப்பாடு. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அப்புறம் கியூஆர் குறியைக் காட்டி எண்ணெய் அடிக்கும் பங்கீடு வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். அதையும் குழாய் வைத்து உறிஞ்சி மெசினுக்கு ஊற்றிவிட்டு, சைக்கிள் மிதித்து வேலைக்குப் போயிருக்கிறேன். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய அப்பா, "நாலு லீற்றரோ? அந்தக் காலத்திலை நாலு துளிதான்" என்றார்.

துளை போடுவது, கம்பி வெட்டுவது, பலகை அறுப்பது எல்லாம் இப்போது பற்றரியில்தான். ஒரு பெட்டியில் 18 வோல்ட், இன்னொன்றில் 20 என்று இருப்பதைப் பார்த்துக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டுக்குள்ளும் அதே 5 செல்தான். முழுச் சார்ஜில் அளந்தால் 20, சராசரியில் 18. ஒரே கம்பனியில் எல்லாவற்றையும் வாங்கினால் பற்றரியை மாற்றி மாற்றிப் போடலாம்.

சிக்கல் சார்ஜ் போடும் இடம். சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் சாஜரை வைத்தோம். சிவப்பு விளக்கு மினுங்கியது, பற்றரி ஏறவே இல்லை. பழுது என்று கடைக்குத் தூக்கிப் போனால், வழியிலேயே ஆறி, அங்கே ஒழுங்காக ஏறுகிறது! சூட்டில் சார்ஜ் ஏறாமல் சாஜரே தடுத்திருக்கிறது. இப்போது வீட்டுக்கார அன்ரியின் குசினி மூலைதான் எங்கள் சாஜர் நிலையம். தேத்தண்ணியும் கிடைக்கும்.

வயரில் ஓடும் மெசின் என்றால் மெல்லிய வயரை நீளத்துக்கு இழுக்காதீர்கள். வோல்ட் இறங்கி மோட்டார் சூடாகும். ஒரு கிரைண்டரைக் கருக்கித்தான் இதைப் படித்தேன்.

கிணறு இறைக்க மட்டும் யோசனையே வேண்டாம், கரன்ற் பம்தான். பெற்றோல் பம்மைக் கிணற்றுக்குள் இறக்கினால் புகை அடியிலேயே தங்கும். அந்தப் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஆள் விழுந்த பிறகுதான் தெரியும். கரன்ற் பம்முக்கும் 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச் (கரன்ற் ஒழுகினால் உடனே வெட்டிவிடும் சுவிச்) இருக்க வேண்டும். ஆள் இறங்குமுன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

மாற்றாதது கொன்கிறீற் பொக்கர், அதாவது ஈரக் கலவைக்குள் விட்டு அதிர வைத்துக் காற்றை வெளியேற்றி இறுக்கும் மெசின். போன வருசம் ஒரு சிலாப் போடும்போது கரன்ற் பொக்கரை வாடகைக்கு எடுத்தேன். பாதி கொட்டியாயிற்று, "அண்ணை, கரன்ற் நிண்டிட்டுது" என்று மேலிருந்து சத்தம். கலவை நமக்காகக் காத்திருக்குமா? கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தோம். பலகை கழற்றியபோது வளையின் (பீமின்) அடியில் ஓரிடம் தேன்கூடு மாதிரிப் பொத்தல். என் காசில் உடைத்துத் திருத்தினேன். அன்றிலிருந்து சிலாப் நாளில் பழைய பெற்றோல் பொக்கர்தான் முதலில் வண்டியில் ஏறும்.