மண் பாக்டீரியாவின் மறைந்த கைச்சரக்கு

கேள்வி: பாக்டீரியாவின் மரபணுத்தொகுப்பைக் கணினியில் ஆராய்ந்தே, இதுவரை யாரும் பார்த்திராத மருந்துப் பொருள்களைக் கண்டுபிடிக்கிறார்களாமே? வெறும் எழுத்து வரிசையைக் கொண்டு ஒரு வேதிப்பொருளின் அமைப்பை எப்படிச் சொல்ல முடியும்? தயாரிக்கும் திறன் இருந்தும் பாக்டீரியா ஏன் அதைத் தயாரிக்காமல் இருக்கிறது?

பதில்: ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலர் என்ற மண் பாக்டீரியா, தான் சுரக்கும் நீல நிறமியால் பெயர் பெற்றது. பல பத்தாண்டுகள் ஆய்வகங்களில் வளர்த்துப் பழகிய உயிரி என்பதால், அது தயாரிக்கும் பொருள்களெல்லாம் ஏறக்குறைய தெரிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 2002-இல் அதன் மரபணுத்தொகுப்பு முழுவதும், சுமார் 87 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள், வெளியானபோதுதான் நிலைமை புரிந்தது. விரல்விட்டு எண்ணத்தக்க சில பொருள்களே அறியப்பட்டிருந்த அந்த உயிரியில், இத்தகைய பொருள்களைத் தயாரிப்பதற்கான மரபணுக் கொத்துகள் 20-க்கும் மேல் இருந்தன.

இந்தக் கொத்துகளை அடையாளம் காண்பது எளிதாக இருப்பதற்குக் காரணம், பாக்டீரியாவில் ஒரு பொருளை உருவாக்கும் நொதிகள், அதை வெளியேற்றும் புரதங்கள், கட்டுப்படுத்தும் மரபணுக்கள், சில வேளைகளில், அப்பொருள் நஞ்சாக இருந்தால் அதிலிருந்து தன்னையே காத்துக்கொள்ளும் மரபணு உட்பட, பெரும்பாலும் அனைத்தும் அடுத்தடுத்து அமைந்திருப்பதுதான். பொருளின் அமைப்பை ஊகிப்பதற்கோ வேறொரு வசதி உண்டு. பல ஆன்டிபயாடிக்குகள், செல்லில் வழக்கமாகப் புரதங்களைக் கோக்கும் ரைபோசோமின் உதவியின்றி, பல அலகுகள் சங்கிலித்தொடராக வேலை செய்யும் மிகப்பெரிய நொதிகளில் கோக்கப்படுகின்றன. ஒவ்வோர் அலகும் ஓர் அமினோ அமிலத்தைப் பிடித்து, வளரும் சங்கிலியில் சேர்த்து, அடுத்த அலகிடம் ஒப்படைக்கிறது. எந்த அமினோ அமிலத்தைப் பிடிப்பது என்பதை அந்த அலகில் உள்ள சிறு குழியின் சுவர்கள் தீர்மானிக்கின்றன. சுவர்களில் அமைந்த ஏறத்தாழ பத்து இடங்களை மரபணுவின் எழுத்து வரிசையிலிருந்து படித்தால், குழிக்குள் எது பொருந்தும் என்று பெரும்பாலும் கூறிவிடலாம். 2011-இல் வெளிவந்த ஆன்டிஸ்மாஷ் போன்ற மென்பொருள்கள் இந்த வேலையை விரைவாகச் செய்கின்றன. ஆனால் ஏற்கெனவே அறிந்த நொதிகளின் சாயல் உள்ளவற்றையே அவை நன்கு அடையாளம் காணும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இது ஜாதகம் கணிப்பதைப் போன்றதல்லவா என்று நீங்கள் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. சீலிகலரில் மூன்று அலகுகள் கொண்ட ஒரு நொதியைக் கண்டவர்கள், அது மூன்று அமினோ அமிலங்களால் ஆன, இரும்பைப் பற்றிக்கொள்ளும் பொருளைத் தயாரிக்கும் என்று, முழுத் தொகுப்பு வெளியாவதற்கு முன்பே, 2000-இல் கணித்து, அதற்குச் சீலிகெலின் என்று பெயரும் இட்டனர். பின்னர் இரும்பு குறைவான வளர்ப்பு ஊடகத்தில் அந்தப் பாக்டீரியாவை வளர்த்து, உரிய மரபணுவை நீக்கினால் பொருளும் மறைகிறது என்பதையும் காட்டி, 2005-இல் அதன் அமைப்பைத் தீர்மானித்தபோது அதில் நான்கு அமினோ அமிலங்கள் இருந்தன. இரும்பைப் பற்றும் என்ற கணிப்பு பலித்தது. எண்ணிக்கை மட்டும் பிசகியது. அதனால்தான் கணினி தரும் அமைப்பை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், எந்தப் பொருளை எங்கே தேடுவது என்பதற்கான வழிகாட்டியாகவே கொள்ள வேண்டும் என்பேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதே நிகழ்ச்சியில் பாதி விடை இருக்கிறது. இரும்பு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில், அதைத் தேடிப் பிடிக்கும் பொருளைச் செலவழித்துத் தயாரிக்க வேண்டிய தேவை பாக்டீரியாவுக்கு இல்லை. ஊட்டம் நிறைந்த ஆய்வகக் குடுவையில், மண்ணில் உள்ள பசியும் போட்டியும் அண்டை உயிரிகளின் சமிக்ஞைகளும் இல்லாததால், பல கொத்துகள் வாய் திறப்பதே இல்லை. ஆகவே ஊடகத்தை மாற்றுகிறார்கள். வேறு நுண்ணுயிர்களுடன் சேர்த்து வளர்க்கிறார்கள். கொத்தை இயக்கும் விசையை மாற்றி அமைக்கிறார்கள். அல்லது கொத்து முழுவதையும் வெட்டி, கையாள எளிதான வேறொரு பாக்டீரியாவில் பொருத்துகிறார்கள். கடைசி வழிதான் கடினமானது, ஏனெனில் பல கொத்துகள் பல பத்தாயிரம் எழுத்துகள் நீளமுள்ளவை. இவற்றினும் விந்தையான வழியொன்றை 2014-இல் பர்க்ஹோல்டேரியா இனப் பாக்டீரியா ஒன்றில் கண்டனர். உறங்கிக் கிடந்த கொத்து ஒன்றைத் தட்டி எழுப்பியது டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக். பாக்டீரியாவின் வளர்ச்சியை ஒடுக்கும் அதே மருந்து, மிகக் குறைந்த அளவில் கொடுக்கப்பட்டபோது அதற்குச் சமிக்ஞையாகிவிட்டது.