ஓரம் உதிர்ந்த வூஃபரைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: 1980-களில் வந்த ஸ்பீக்கர் ஜோடி. வூஃபரை (பாஸ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) சுற்றியுள்ள ஃபோம், தொட்டாலே பிசுபிசுவென்று உதிர்கிறது. கோன் (நடுவில் அசையும் கூம்பு) நன்றாக இருக்கிறது. புது வூஃபர் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த ஃபோம் பாலியூரிதேன். காற்றின் ஈரமே அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். பாட்டுக் கேட்காமல் மூடி வைத்திருந்தாலும் உதிரத்தான் செய்யும். ஓரத்தை மட்டும் மாற்றினால் போதும். வேறு வூஃபர் போட்டால் பெட்டியின் அளவும் கிராஸ்ஓவரும் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சுற்று) அதற்கு ஒத்துப்போகாமல் போகலாம்.

முதலில் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 8 ஓம் வூஃபர் என்றால் 5.5 முதல் 7 ஓம் வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) அறுந்திருக்கிறது. ஃபோம் மாற்றிப் பயனில்லை.

'10 இஞ்ச்' என்று மட்டும் சொல்லி ஃபோம் வாங்காதீர்கள். கோனின் விட்டம், ஃபோம் வளைவின் உள் விட்டம், வெளி விட்டம், ஃபிரேமில் ஒட்டும் இடத்தின் விட்டம் ஆகிய நான்கையும் அளந்துகொள்ளுங்கள். பழைய ஃபோம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா, பின்பக்கமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள். நேரே ஊற்றினால் காகிதம் ஊறித் தளர்ந்துவிடும்.

கோன் பக்கத்தை முதலில் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். ஃபிரேம் பக்கம் மறுநாள். வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது: காயில், அது அசையும் காந்த இடைவெளியின் நடுவில் நிற்க வேண்டும். வெள்ளைப் பசை (பிவிஏ) காய நேரமெடுப்பதால் நகர்த்திச் சரிசெய்யலாம். சூப்பர் க்ளூவில் அது நடக்காது. சத்தத்தைக் குறைத்து வைத்து 30 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுங்கள். 'கரகர' என்று உரசல் கேட்டால் ஃபோமை இம்மி இம்மியாக நகர்த்துங்கள். உரசல் நின்றதும் டோனை நிறுத்தி, துணிக் கிளிப் மாட்டி 24 மணி நேரம் தொடாதீர்கள். உரசலோடு ஒட்டினால் காயிலின் எனாமல் தேய்ந்து ஷார்ட் ஆகும்.

கேள்வி: கிராஸ்ஓவர் கெப்பாசிட்டர்களையும் மாற்ற வேண்டுமா?

பதில்: நான்-போலார் எலக்ட்ரோலைட்டிக் (ப்ளஸ், மைனஸ் பேதமில்லாத, நாளாக ஆகக் கெடும் வகை) இருந்தால் அதன் ஒரு கம்பிக் காலைச் சுற்றிலிருந்து கழற்றி அளந்து பாருங்கள். எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மாற்றிவிடலாம். இரண்டு பெட்டியிலும் சேர்த்தே மாற்றுங்கள். மைக்ரோஃபாரட் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் கூடினால் பாதகமில்லை. அதற்குப் பதில் ஃபிலிம் வகை கெப்பாசிட்டர் போட்டபின் ட்வீட்டர் (கீச்சொலி தரும் சிறிய ஸ்பீக்கர்) காதைக் கூசுகிறதா? ஃபிலிம் வகையின் உள் எதிர்ப்பு குறைவு என்பதே காரணம். 0.5 ஓம் ரெசிஸ்டரை அந்தக் கெப்பாசிட்டரோடு தொடராகச் சேர்த்தால் பழைய குரல் திரும்பும். கிராஸ்ஓவரில் உள்ள காயில்களில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் முடித்தபின் பாஸ் மெலிந்துவிட்டதே?

பதில்: ஒரு பெட்டியில் ப்ளஸ், மைனஸ் வயர் மாறியிருக்கலாம். 1.5 வோல்ட் பேட்டரியை இரண்டு வூஃபரிலும் ஒரே மாதிரி, ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு கோனும் ஒரே திசையில் நகர வேண்டும். பழைய ஜேபிஎல் என்றால் சிவப்பு முனையில் ப்ளஸ் கொடுக்கும்போது கோன் உள்ளே போகும். அது பழுதல்ல, அப்படியே விட்டுவிடுங்கள்.