பேஸ்பாலில் சீசன் பாதியில் மேனேஜரை நீக்கினால் அணி தேறுமா? யாருடைய நாற்காலி ஆடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே நல்லவர்களாக இருந்தால் தேறும். இல்லையென்றால் மேனேஜர்தான் மாறுவார், தோல்வி அப்படியே தொடரும். நான் ஃபிலடெல்ஃபியா பக்கம் குடியிருக்கிறேன், அந்த ஊர் அணியான ஃபிலீஸின் ரசிகன். அதனால் என் உதாரணங்கள் கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் சாயும்.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காக ஒன்று. பேஸ்பாலில் கேப்டன் செய்யும் வேலையில் பெரும்பகுதி மேனேஜர் கையில் இருக்கிறது. யார் எந்த வரிசையில் பேட் செய்வது, எந்த பிட்சரை (பந்து வீசுபவரை) எப்போது இறக்குவது எல்லாம் அவர்தான். அறுபது வயதிலும் வீரர்களைப் போல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டக்அவுட்டில் நிற்பார். ஆனால் வீரர்களை வாங்குவதும் விற்பதும் அவர் இல்லை. அது ஜெனரல் மேனேஜர் வேலை. மேனேஜரை நீக்குவதும் பெரும்பாலும் அவரேதான். கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது.

2022 ஜூன் மாதத்தைப் பாருங்கள். ஃபிலீஸ் கைல் ஷ்வார்பர், நிக் காஸ்டெயானோஸ் என்று பெரிய கைகளை வாங்கிப் போட்டிருந்தது. ஆனாலும் 22 வெற்றி, 29 தோல்வி. ஜூன் 3 அன்று ஜோ ஜிரார்டியை அனுப்பிவிட்டார்கள். 2009-இல் நியூயார்க் யாங்கீஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த இடத்துக்கு வந்தவர் அவருடைய பெஞ்ச் கோச், அதாவது வலதுகை, ராப் தாம்ஸன். பல ஆண்டுகள் கோச்சாகவே இருந்தவர், பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் அதற்கு முன் ஒரு அணியையும் நடத்தியவரில்லை.

அன்றிரவு எதிரே ஆடியது லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ். ஒட்டானி, ட்ரௌட் என்ற இரண்டு நட்சத்திரங்கள் அப்போது இருந்த அணி, ஆனால் தொடர் தோல்வியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அவர்களோடு ஆடிய மூன்று ஆட்டமும் ஃபிலீஸுக்கே. மூன்றாவது ஆட்டம் இந்த ஊரில் இன்னும் பேசப்படுகிறது. மொத்தமுள்ள 9 இன்னிங்ஸில் 8-ஆவதில், 6-2 என்று பின்தங்கியிருந்தபோது பிரைஸ் ஹார்ப்பர் நான்கு ரன் தரும் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிப்பது) அடித்துச் சமன் செய்தார். 9-ஆவதில் ஏஞ்சல்ஸ் மறுபடி முந்தியது. அதற்கும் பதிலாகப் புதுப்பையன் பிரைசன் ஸ்டாட் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 9-7 என்று முடித்துவைத்தார். தாம்ஸன் வந்ததும் ஸ்டாட்டைத் தினமும் ஆட வைக்கத் தொடங்கியிருந்தார்.

ஏஞ்சல்ஸுக்கு அது தொடர்ந்து 11-ஆவது தோல்வி. ஊர் திரும்பி 12-ஆவதும் தோற்ற பிறகு, ஜூன் 7 அன்று அவர்களும் மேனேஜரை நீக்கினார்கள். அவர் ஜோ மாடன், 2016-இல் சிகாகோ கப்ஸின் 108 வருட வறட்சியைத் தீர்த்துவைத்தவர். வீரர்களைச் சிரிக்க வைத்து இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று தலையை மொஹாக் பாணியில் வெட்டிக்கொண்டு வந்திருந்தார் மனிதர். அணி அதைப் பார்ப்பதற்குள் வேலை போய்விட்டது.

நான்கு நாள் இடைவெளியில் இரண்டு பெரிய தலைகள். தாம்ஸன் முதல் 8 ஆட்டங்களையும் வென்றார். மொத்தக் கணக்கில் 65-46, அதாவது 65 வெற்றி, 46 தோல்வி. 2011-க்குப் பிறகு முதல்முறையாக ஃபிலீஸ் சீசன் கடைசி நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்குள் போய், இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வரை ஏறி, ஹூஸ்டன் அணியிடம் 6 ஆட்டங்களில் தோற்றது. மாடன் இடத்துக்கு வந்த ஃபில் நெவினோ மேலும் இரண்டு தோற்று, வரிசையை 14 ஆக்கினார். ஏஞ்சல்ஸ் 73-89 என்று முடித்தது. இரண்டு அணிக்கும் கொடுத்த மருந்து ஒன்றுதான், உடம்புதான் வேறு. ஃபிலீஸிடம் ஸாக் வீலர், ஏரன் நோலா என்று பந்துவீச்சு இருந்தது. ஏஞ்சல்ஸிடம் இரண்டு மேதைகளைத் தவிர ஆழம் இல்லை.

சரி, பிறகு ஏன் மேனேஜரையே நீக்குகிறார்கள்? மற்றவர்களை நீக்க முடியாது என்பதால்தான். ஹார்ப்பரின் ஒப்பந்தம் 13 ஆண்டு, 33 கோடி டாலர். ட்ரௌட்டின் ஒப்பந்தம் 42 கோடிக்கும் மேல். சரியாக ஆடாவிட்டாலும் அந்தப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் கணக்கின் முன் மேனேஜர் சம்பளம் சில்லறை. மீதி ஒப்பந்தத்துக்குக் காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம், ரசிகனுக்கும் ஏதோ செய்தது போல் இருக்கும். இன்னொன்று, நீக்குவதே அணி அடிமட்டத்தில் இருக்கும் நேரத்தில்தான். அதற்குமேல் கொஞ்சம் ஏறுவது இயல்பு. அந்தப் புகழ் புதியவருக்குப் போய்விடும்.

யார் நாற்காலி ஆடுகிறது என்று பார்க்க நான் தோல்விக் கணக்கைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ஒப்பந்தம். கடைசி ஆண்டில் இருக்கும் மேனேஜருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஜிரார்டி அந்த நிலையில்தான் இருந்தார். அடுத்து எதிர்பார்ப்பு. இளம் வீரர்களை வளர்க்கும் காலத்தில் நூறு தோல்வி கண்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள், ஜெயிக்கத் தொடங்கிய பின்தான் ஆபத்து. பால்டிமோர் அணி மேனேஜர் பிராண்டன் ஹைட் 2023-இல் 101 வெற்றி பெற்று, மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருதும் வாங்கினார். 2025 மே 17 அன்று, 15-28 என்ற நிலையில் நீக்கப்பட்டார். அந்தக் குளிர்காலத்தில் முதன்மை பிட்சர் கார்பின் பர்ன்ஸ் அரிசோனாவுக்குப் போனபோது அவருக்கு ஈடாக ஆள் எடுக்காதது ஹைட்டின் குற்றமா என்ன? ஜெனரல் மேனேஜர் மைக் எலியாஸ் பொறுப்பு தன்னுடையது என்று சொன்னார், வேலையிலும் தொடர்ந்தார்.

மானக்கேடு என்பது தனிக் கணக்கு. கொலராடோ ராக்கீஸ் 2025 மே 10 அன்று சான் டியேகோவிடம் 21-0 என்று தோற்றது. மறுநாள் ஜெயித்தும் மேனேஜர் பட் பிளாக் தப்பவில்லை. அப்போது அணி 7-33. புதியவரை வைத்தும் 43-119 என்றுதான் முடிந்தது.

நீக்கும் விதத்தில் மிக அசிங்கமானது 2008-இல் நியூயார்க் மெட்ஸ் செய்தது என்பேன். மேனேஜர் வில்லி ராண்டால்ஃபை நாட்டின் மறுகோடியான அனாஹைம் வரை பறக்க வைத்து, அன்றிரவு ஆட்டத்தை வென்ற பிறகு நீக்கினார்கள். செய்தி வெளியானபோது நியூயார்க்கில் விடிகாலை 3 மணி தாண்டிவிட்டது.

நீக்காமல் விட்டதால் பிழைத்த அணியும் உண்டு. 2019 மே மாதம் வாஷிங்டன் நேஷனல்ஸ் 19-31. மேனேஜர் டேவ் மார்ட்டினெஸ் வேலை இன்றோ நாளையோ போய்விடும் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். கிளப் பொறுத்தது, அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸை வென்றது. அந்தக் கோப்பையின் பேரில் அவர் பல தோல்விச் சீசன்களைத் தாண்டினார். கடைசியில் 2025 ஜூலை 6 அன்று அவரையும் நீக்கினார்கள், ஆனால் தனியாக இல்லை. ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸோவையும் அன்றே சேர்த்து அனுப்பினார்கள். சீசன் நடுவில் அப்படி நடப்பது அபூர்வம்.