வரன் வந்திருக்கிறது, மகள் படிக்கணும் என்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், மேலே படிக்க ஆசைப்படுகிறாள், வீட்டுப் பெரியவர்களோ வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், நான் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. "பொண்ணுக்கு எதுக்குப் படிப்பு" என்ற பேச்சோடு நேருக்கு நேர் மோதினால் சண்டைதான் மிஞ்சும். கணக்கோடு உட்காருங்கள்.

ஏழைப் பெண்களின் திருமணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றியது. புதுமைப் பெண் என்று நாம் சொல்வது அதைத்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு நீட்டித்தார்கள். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. "வீட்டோட இருந்து தபால்ல படிக்கட்டும்" என்று யாராவது சமரசம் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பணமும் வராது, வீட்டு வேலைக்கு நடுவே புத்தகமும் திறக்காது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. அதில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. "பொண்ணுக்கு டீச்சர், நர்ஸ் போதும்" என்று கட்டணத்துக்குப் பயந்து சொல்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. கணிதப் பிரிவில் மதிப்பெண் குறைந்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். எந்தப் படிப்பு என்பதை மகளே சொல்லட்டும், அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே.

பணம் வராமல் போவது பெரும்பாலும் காகிதக் கோளாறால்தான். உதவித்தொகை, மகளின் ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குப் போகும். பள்ளியில் திறந்த பழைய கணக்கு ஒன்று, புதிதாகத் திறந்தது ஒன்று என்று இரண்டு இருந்தால் எதில் இணைப்பு இருக்கிறது என்று வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்றால் விண்ணப்பம் திரும்பிவரும். சேர்க்கைக்கு முன்பே ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் இருக்கும் கைப்பேசி எண் அண்ணனுடையது என்றால், ஓடிபி வரும் ஒவ்வொரு முறையும் அவன் வீடு திரும்பும்வரை மகள் காத்திருக்க வேண்டும். அந்த எண் அவளுடையதாகவோ உங்களுடையதாகவோ இருக்கட்டும்.

இருளர், காட்டுநாயக்கன், 2023-இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்த நரிக்குறவர் குடும்பங்கள் சாதிச் சான்றிதழை முன்கூட்டியே கேட்க வேண்டும். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தருகிறார், விசாரணைக்கு நாளாகும். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு ஓடினால் கலந்தாய்வு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

தூரம்தான் அடுத்த பயம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. விடுதியை நேரில் போய்ப் பாருங்கள், அப்பாவையும் கூட்டிப்போங்கள். காப்பாளரிடம் பேசி, கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் தன் கண்ணால் பார்த்த தகப்பன் பிறகு மறுப்பது குறைவு.

மகளுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்றால் நாள் குறிக்கும் பேச்சுக்கே இடமில்லை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இன்படி நடத்தி வைப்பவர்களுக்கும் உடந்தையாக இருக்கும் பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. நீங்கள் எதிர்க்க முடியாத நிலையில் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள், மகளும் அழைக்கலாம்.

சேர்ந்த பிறகுதான் உண்மையான சோதனை. விடிந்ததும் தண்ணீர் பிடித்து, சமைத்து, பாத்திரம் தேய்த்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடும் பெண்ணையும், எழுந்ததும் புத்தகத்தோடு உட்காரும் அண்ணனையும் ஒரே அளவுகோலில் அளப்பது அநியாயம். காலை வேலையில் ஒன்றையாவது, உதாரணமாகத் தண்ணீர் பிடிப்பதை, மகனுக்குக் கொடுங்கள். பரீட்சை மாதத்துக்கு மட்டுமல்ல, நிரந்தரமாக.

தமிழ் வழியில் வந்தவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல் பழகவே ஒரு செமஸ்டர் ஓடிவிடும், முதல் பரீட்சையில் அரியர் விழலாம். மகனுக்கு அரியர் என்றால் டியூஷன் தேடும் வீடுகள், மகளுக்கு அரியர் என்றால் மாப்பிள்ளை தேடுகின்றன. அரியரோடு அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், அந்தத் தாளைத் திரும்ப எழுதித் தேறலாம் என்பதைச் சேரும் நாளிலேயே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.