பாதியில் நிற்கும் மெர்க்குரி

கேள்வி: கலிஃபோர்னியாவில் பழைய பாணியில் கார்களை உருமாற்றும் கைவினைஞர் ஒருவர் நோய்வாய்ப்பட்டிருக்கிறார். கூரையை வெட்டித் தாழ்த்திய 1950 மெர்க்குரி கார் பட்டறையில் பாதியில் நிற்கிறது. பணம் திரட்டுவதைத் தவிர நண்பர்கள் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காரைக் காப்பாற்றுங்கள். வெறும் தகடு ஈரக்காற்றில் சில நாட்களிலேயே துருப்பிடிக்கும். தேய்த்துச் சுத்தமாக்கி எபாக்சி பிரைமர் என்ற துருத்தடுப்பு அடிப்பூச்சை அடியுங்கள். ஈயம் நிரப்பிச் சமப்படுத்த வேண்டிய தகட்டு இணைப்புகளில் மட்டும் பிரைமர் வேண்டாம், அதன்மேல் ஈயம் பிடிக்காது. அங்கே மெல்லிய எண்ணெய் தடவி வைத்து, வேலைக்கு முன் முழுக்கத் துடைத்துவிடலாம்.

ஈய வேலையைக் கை பழகியவரிடமே கொடுங்கள். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, சுமார் 255-இல் முழுதாக உருகிவிடும். இடைப்பட்ட சூட்டில்தான் அது வெண்ணெய்போல், அதைத் தடவிப் பரப்பும் மரத்துடுப்புக்கு வளையும். துடுப்பைத் தேன்மெழுகில் தோய்க்காவிட்டால் ஈயம் மரத்தோடு ஒட்டி இழுபடும். சூடு மிஞ்சினால் தகடு நெளியும். ஈயம் தகட்டில் பிடிக்கத் தடவும் பற்றுப்பசையின் (ஃபிளக்ஸ்) அமிலத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவாவிட்டால், பின்னாளில் பெயிண்ட் கொப்புளிக்கும். மின்சாணை கூடவே கூடாது, ஈயத்தூசி நஞ்சு. அரத்தால் மட்டும் இழையுங்கள்.

கார் உரிமையாளர் முடிந்த வேலைக்கான கூலியை இப்போதே கொடுக்கட்டும். உபரி உதிரிபாகங்களை நியாய விலைக்கு விற்றுக் கொடுங்கள். கைவினைஞருடைய துடுப்புகளையும் அரங்களையும் மட்டும் விற்க விடாதீர்கள்; எழுந்து வந்ததும் அவை வேண்டும்.